தெண்ட வெற்றிலை

சின்னையா கங்காணி தெண்டம் போட்டால் சும்மா போடமாட்டார். காசை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, தன் கொடிக்காலில் பறித்த வெற்றிலையும் ஒரு பாக்கும் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார். அதை வாங்கிக்கொண்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகவும் விவகாரம் தீர்ந்ததாகவும் அர்த்தம். சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்த காலத்தில் அவராக ஏற்படுத்திய வழக்கம் இது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தி வந்தால் தெண்டம், மரப்பாலில் தண்ணீர் கலந்திருந்தால் தெண்டம், கூலிகள் குடியிருக்கும் லயத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தெண்டம்.

ரப்பர் நல்ல விலைக்குப் போன சமயத்தில் அவர் கையில் காசு சேர்ந்தது. ஈப்போவில் சிலிபின் சாலையை ஒட்டி எங்கள் சந்து முழுவதையும் வாங்கிப் போட்டார். தோட்டத்தை விட்டு வந்தாரே ஒழிய தெண்டத்தை விட்டு வரவில்லை. குடி வருகிற அன்றே ஒரு தாளில் கைநாட்டு வாங்கிவிடுவார். கோழி வாசலுக்கு வந்தால் தெண்டம். ஈரச் சேலையை முன்பக்கம் காயப்போட்டால் தெண்டம். நாங்களும் வாயை மூடிக்கொண்டு கட்டினோம், வெற்றிலை வாங்கி மென்றோம். என்ன செய்வது, சந்தில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கங்காணி என்ற சொல்லைக் கேட்டாலே தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். நல்ல வெற்றிலைதான், அதை மட்டும் குறை சொல்லக்கூடாது. உள்ளங்கை அகலம், எண்ணெய் தடவினது மாதிரி மினுக்கம். தெண்ட வெற்றிலை என்றே அதற்கு எங்கள் சந்தில் பெயர்.

சந்தின் கோடியில் ராக்காயியும் அவள் புருஷன் சன்னாசியும் இருந்தார்கள். அவர்கள் இடத்தில் வீடு பாதி, மாட்டுக் கொட்டகை பாதி. சன்னாசி விடிவதற்கு முன்னால் கோணிப்பையும் அரிவாளுமாக லகாட் பக்கம் போய், ஈயம் தோண்டிக் கைவிட்ட லம்பத்துக் குட்டைக் கரையில் புல் அறுத்துக்கொண்டு வருவான். ராக்காயி பால் கறந்து, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு, ஆபீஸ் கிராணிமார் வீடுகளுக்கும் காப்பிக் கடைகளுக்கும் ஊற்றிவிட்டு வருவாள். தண்ணீர் கலக்கமாட்டாள். கலக்கிறாய் என்று எவனாவது சொன்னால் அந்தக் குடத்தை அங்கேயே அவன் காலடியில் கவிழ்த்துவிட்டு வரக்கூடியவள். மாடுகளில் செவந்திதான் அவர்களுக்குச் சோறு போட்டது. சிவப்பு மாடு, கன்று போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது, மடி கொள்ளாத பால். மற்ற இரண்டும் பால் வற்றிப்போனவை.

சாணத்தைக் கொட்டகை மூலையில் குவித்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கங்காணியின் ஆள் பத்துமலை கூடையோடு வந்து அள்ளிக்கொண்டு போவான். அந்த மூலையைக் கைகாட்டியவரே கங்காணிதான். அவர் கொடிக்காலுக்கு எரு வேண்டுமே!

பெரிய வெள்ளம் வடிந்த மறுவருஷம், ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், மோட்டார் கொட்டகை போட இடம் தேடி வந்து, ராக்காயியின் கொட்டகையை நீளமும் அகலமும் நடந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே கங்காணியின் மூக்குக்கு அந்த எருக்குவியல் நாற ஆரம்பித்துவிட்டது.

தாளை எடுத்துக்கொண்டு வந்தார். எருவைக் குவித்து வைத்தால் ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து வெள்ளி என்று அதில் எழுதியிருந்தது. சன்னாசி கட்டினான், வெற்றிலையை வாங்கினான். அடுத்த வாரமும் கட்டினான். மூன்றாவது வாரம் ராக்காயி பானையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். காசு அந்தப் பானைக்குள் இருந்தது.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே மழை. கருவாடு சுட்ட வாசனை எங்கள் வீடு வரைக்கும் வந்தது. அவர்கள் பேசியதும் வந்தது. நடுவில் இருப்பது ஒற்றைப் பலகைச் சுவர்தானே.

“கட்டிடுவோம் புள்ள. எதுக்கு வம்பு, சூசா?” என்றான் சன்னாசி.

“எத்தன தடவ கட்டுவ? மாடு இன்னிக்குச் சாணி போட்டா நாளைக்குப் போடாதா? அதுக்கும் பூட்டுப் போட முடியுமாய்யா?”

“தாளுல கைநாட்டு வச்சிருக்கேன். ரெண்டு தடவ வெத்தலையும் வாங்கிட்டேன்லா. வாங்குன பொறவு இல்லேன்னு சொல்றது ஞாயமா?”

“மூலையக் கைகாட்டுனது அவரு. அள்ளிட்டுப் போறது அவரு ஆளு. தெண்டம் மட்டும் நமக்கு. என்ன ஞாயம் பேசுற நீ?”

“அவருக்கு எடம் வேணும். அதான் சங்கதி. பேசாம சுங்காய்க்கே திரும்பிப் போயிடலாம். புதுசா ஆள் எடுக்கறாங்களாம். லயம் கொடுக்கறாங்க.”

ராக்காயி இதற்குப் பதில் சொன்னாள். குரல் உயரவில்லை.

“எனக்கு வலி எடுத்த அன்னிக்கு நீ மருத்துவச்சியத் தேடிப் போன. பெரட்டுக்குப் பிந்திட்டன்னு அவரு தெண்டம் போட்டாரு. கட்டிட்டு, வெத்தலைய மடியில வச்சுக்கிட்டுத்தான் மருத்துவச்சியோட வந்த. அதுக்குள்ள நம்ம புள்ள போயிருச்சு. அந்த லயத்துக்கு என்னைக் கூப்பிடாத. வேணும்னா நீ போ. மாடும் நானும் இங்கதான்.”

சன்னாசி சாப்பிட்ட கையோடு எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டான். அந்தச் சங்கதி எங்களுக்கு அதுவரைக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் ராக்காயி பால் ஊற்றப் போன நேரம் பார்த்துக் கங்காணி வந்தார். குடை பிடித்துக்கொண்டு பத்துமலை பின்னால் வந்தான். “காசில்லேன்னா மாடு. செவப்பு மாட்டப் புடிடா,” என்றார். பத்துமலை கயிற்றில் கை வைத்ததும் செவந்தி ஒரு சிலுப்பு சிலுப்பியது. அவன் எருக்குவியலிலேயே போய் விழுந்தான். நாங்கள் சிரித்துவிட்டோம், பொய் சொல்லவேண்டாம். கங்காணி சிரிக்கவில்லை.

“டேய் சன்னாசி, நீ அவுத்து விடுடா,” என்றார்.

சன்னாசியின் துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. அவனே முடிச்சை அவிழ்த்தான். அவனே கயிற்றைப் பத்துமலையின் கையில் கொடுத்தான். அவன் கை பட்டதால் செவந்தி மறுபேச்சில்லாமல் போய்விட்டது. கன்றுக்குட்டி பின்கட்டில் கத்திக்கொண்டிருந்தது. அதை யாரும் நினைக்கவில்லை. ரப்பர் மரத்தில் பால் எடுத்த கங்காணிக்கு கன்று முட்டாமல் மாட்டில் பால் இறங்காது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ராக்காயி காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

“யாரு அவுத்தது?”

“நாந்தான்,” என்றான் சன்னாசி.

அவள் கத்துவாள் என்று சந்தே காத்திருந்தது. அவள் கத்தவில்லை. கன்றுக்குத் தண்ணீர் காட்டினாள், முகத்தைக் கழுவினாள், குலசிங்கம் கிராணி வீட்டுக்குப் புறப்பட்டாள். துணைக்கு நானும் போனேன்.

குலசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு வக்கீல் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. அவர் மனைவி கௌரிக்கு ராக்காயி ஊற்றும் பாலில்தான் தயிர் உறையும். இரண்டு பேரும் அவளை உட்காரச் சொல்லிக் கேட்டார்கள்.

“வாடகை பாக்கி ஏதும் இருக்கோ?” என்றார் குலசிங்கம்.

“ஒரு மாசம்கூட இல்லீங்கய்யா. சீட்டெல்லாம் பானைக்குள்ள இருக்கு.”

“அப்ப வடிவாக் கேள், பிள்ளை. வாடகை பாக்கி எண்டாலும் அவர் கோட்டுக்குப் போய் ஓடர் எடுத்துத்தான் உன்ரை சாமானிலை கை வைக்கலாம். தெண்டத்துக்கு மாட்டை அவிழ்க்க அவருக்கு ஒரு உரிமையும் இல்லை.”

“தாளுல எழுதியிருக்குங்களே. எங்க வூட்டுக்காரரு கைநாட்டு வச்சிருக்காரு.”

“எழுதினால் போதுமோ? ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு கட்டு எண்டு ஆரும் எழுதலாம். கோட்டிலை நீதவான் கேக்கிறது, உமக்கு என்ன நட்டம் எண்டுதான். நட்டத்தைக் காட்டினால் ஞாயமானதைக் குடுப்பினம். அதுவும் தாளிலை எழுதின தொகைக்கு மேலை போகாது. நட்டமே இல்லையெண்டால் ஒரு சதமும் இல்லை.”

ராக்காயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நட்டமா? அவருக்கா?” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“உவர் சட்டம் சொல்லிப்போட்டுக் கந்தோருக்குப் போயிடுவார்,” என்றாள் கௌரி. “கோட்டிலை இவளோடை வந்து நிப்பீங்களோ?”

“ஏலாதப்பா. கங்காணி எங்கடை வக்கீலின்ரை பழைய கட்சிக்காரர். நான் மனுவை எழுதுவிச்சுத் தாறன். மாட்டைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடட்டும். வாயைத் திறந்து பேசவேண்டியது இவள்தான்.”

“அது எனக்கு வருங்கய்யா,” என்றாள் ராக்காயி.

வழக்கு எடுக்க ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரம் மனிதர்கள் பொறுப்பார்கள், மடி பொறுக்குமா? அன்றைக்குச் சாயங்காலமே பத்துமலை நொண்டிக்கொண்டு வந்தான். கறக்கப் போனவனைச் செவந்தி உதைத்திருந்தது.

“கங்காணி கன்னுக்குட்டியக் கேக்குறாரு,” என்றான்.

“கன்னுக்கு எந்தத் தாளுல கைநாட்டு வச்சோம்?” என்றாள் ராக்காயி.

“தங்கச்சி, மாடு கெடந்து கத்துது. கங்காணி வூட்டு முத்தம்மாக்கா காதப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்கு. மடி கல்லாட்டம் ஆயிருச்சு.”

அதைக் கேட்டதும் அவள் வீம்பை விட்டாள். கன்றை அவிழ்த்தாள், செம்பை எடுத்தாள், நேராகக் கங்காணியின் வீட்டு முற்றத்துக்குப் போனாள். கங்காணி வெளியே போயிருந்தார். அவர் மனைவி முத்தம்மா வாசலில் நின்றாள்.

“வந்தியா மகராசி! கறந்து தொலையேன், அது படுற பாட்டப் பாக்க முடியல,” என்றாள்.

“கறக்குறேன் அக்கா. ஆனா பாலு என் வூட்டுக்கு. கன்னும் என்னோட திரும்பி வந்துரும். சரியா?”

“நீ ஊத்துற பாலக் குடிச்சுத்தான் என் கடைசி மவன் எழுந்து நடந்தான். எனக்குத் தெரியாதா? எடுத்துட்டுப் போ. அந்த மனுசன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

கன்று ஓடிப்போய் மடியில் முட்டியது. செவந்தி அதை நக்கிக்கொண்டே நின்றது. ராக்காயி நெற்றியை மாட்டின் வயிற்றில் சாய்த்துக்கொண்டு கறந்தாள். முதலில் கட்டியாக வந்ததைக் கீழே விட்டாள். மடியைச் சுடுதண்ணீரால் ஒற்றி, விளக்கெண்ணெய் தடவினாள். அவள் அழுததை முத்தம்மா பார்த்தாள், நானும் பார்த்தேன். காலையும் மாலையும் அப்படியே நடந்தது. புல்லைச் சுமந்துகொண்டு சன்னாசி வருவான். கங்காணி வீட்டு வேலிக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வராமல் நிற்பான். ராக்காயி அவனோடு பேசவில்லை.

வழக்கு நாளன்று பாதிச் சந்து கோர்ட்டில் இருந்தது. கங்காணி சரிகைத் துண்டும் கோட்டுமாக வந்திருந்தார். நல்ல காரியத்துக்கு வந்த மாதிரி, கோர்ட்டு வராந்தாவில் நின்ற டவாலிச் சேவகனுக்கும், மொழிபெயர்க்கும் தமிழ்க் கிராணிக்கும், தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் தன் கொடிக்கால் வெற்றிலையை எடுத்து நீட்டினார். எங்களுக்கும் நீட்டினார். வாங்கிய பிறகுதான் எனக்குக் கை கூசியது.

நீதவான் துரை வந்து உட்கார்ந்தார். மெலிந்த, வியர்த்துப்போன மனிதர். வாடகைச் சீட்டுகளைப் பார்த்தார். வாடகையில் பாக்கி இல்லை என்று கங்காணியே சொன்னார்.

“பிறகு மாட்டை ஏன் பிடித்தீர்?” என்று கேட்டார் துரை. தமிழ்க் கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

“தெண்டம் கட்டலைங்க தொரை. எருவக் குமிச்சு வச்சிருக்காங்க. தாளுல எழுதியிருக்கு. சாட்சிக்கும் ஆள் கொண்டாந்திருக்கேன்.”

சாட்சி பத்துமலை. குவியலைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். “வாரா வாரம் பாக்குறேங்க,” என்றான். கங்காணி திருப்தியாகத் தலையை ஆட்டினார். சாட்சியை ஏதாவது கேட்கவேண்டுமா என்று ராக்காயியைக் கேட்டார்கள்.

“பத்துமலையண்ணே, வாரா வாரம் எங்க கொட்டகைக்கு எதுக்கு வாரீங்க?”

“எரு அள்ளத்தான்.”

“அந்த மூலையில குமிக்கச் சொன்னது யாரு?”

பத்துமலை கங்காணியைப் பார்த்தான். பிறகு சாமி படத்தைத் தேடுகிற மாதிரி சுவரையெல்லாம் பார்த்தான். சத்தியம் பண்ணியிருந்தான், பாவம். “கங்காணிதான்,” என்றான்.

“எரு எங்க போவுது?”

“கொடிக்காலுக்கு.”

துரை பேனாவை வைத்தார். “இதனால் உமக்கு என்ன நட்டம்?” என்று கங்காணியைக் கேட்டார்.

“நாத்தம்ங்க தொரை. ஈ மொய்க்குது.”

“சுகாதார இன்ஸ்பெக்டர் உம்மேல் ஏதாவது நடவடிக்கை எடுத்தாரா? யாராவது குடி காலி செய்தார்களா?”

“அப்படி இல்லீங்க.”

“ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்,” என்றாள் ராக்காயி. “காலையில இங்க எல்லாருக்கும் வெத்தல கொடுத்தாரு. டவாலிக்குக் கொடுத்தாரு. மொழிபெயர்க்கிற உங்களுக்கும் கொடுத்தாரு. அது எங்க மாட்டு எருவுல வந்த வெத்தலதானே? நட்டம்னா அது எப்படிங்க அவ்வளவு பெருசா வளந்துச்சு?”

தமிழ்க் கிராணியின் கன்னத்தில் அந்த வெற்றிலை அப்போது உப்பிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் சிவந்துபோனார். துரை எட்டி ஒரு வெற்றிலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கங்காணி அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். வெற்றிலை என்றால் அவருக்குப் பெருமை பிடிபடாதே!

“ஈப்போவுலயே இப்படி வெத்தல கெடையாதுங்க தொரை! மாட்டெரு போடாம இந்த மினுக்கம் வருமா?” என்றார்.

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார். கோர்ட்டு சிரித்து அடங்க நேரமாயிற்று.

துரை நிதானமாகச் சொன்னார். ஒப்பந்தத்தில் தெண்டம் என்று எழுதிவிட்டதாலேயே வீட்டுக்காரர் அதைக் கறந்துவிட முடியாது. குடித்தனக்காரர் மீறியதால் உண்டான நட்டத்தைக் காட்டினால் அதற்குத் தகுந்தது கிடைக்கும். இங்கே நட்டம் இல்லை, இலாபம்தான் இருக்கிறது. தெண்டம் செல்லாது. மாட்டைத் தானே போய்ப் பிடித்தது தப்பு, இன்றைக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். இவர்களாக முன்னே கட்டிய இரண்டு தெண்டமும் இந்த வழக்கில் வராது. கடைசியாக ராக்காயியைப் பார்த்து, எருவைக் குவிக்கக்கூடாது என்று நீங்கள் ஒப்புக்கொண்டது மட்டும் நிற்கிறது, இனிமேல் குவிக்கவேண்டாம் என்றார்.

“குமிக்கமாட்டேங்க தொரை,” என்றாள் ராக்காயி. “நாளையிலேருந்து அன்னன்னிக்குச் சாணிய அன்னன்னிக்கே சீனன் கீரத் தோட்டத்துக்குக் கொடுத்துடுறேன். அவன் கேட்டுக்கிட்டேதான் இருக்கான்.”

கங்காணியின் முகம் அப்போதுதான் நிஜமாக வாடியது.

சாயங்காலம் தூறலில் எல்லோரும் கங்காணியின் முற்றத்துக்குப் போனோம். ராக்காயி கன்றைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றாள். “நீ போய்யா,” என்றாள் சன்னாசியிடம். ஒரு வாரத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

சன்னாசி உள்ளே போனான். கங்காணி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் வெற்றிலைப் பெட்டி. சந்து முழுக்க வேலியோரம் நிற்பதைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து இரண்டு வெற்றிலையை எடுத்தார், பாக்கை வைத்தார்.

“டேய் சன்னாசி, கோர்ட்டுப் பேச்சு கோர்ட்டோட போச்சு. நீயும் நானும் சுங்காய்லேருந்து பழகுனவங்க. காசு வேணாம், ஒண்ணும் வேணாம். இத மட்டும் வாங்கிக்க,” என்றார்.

சன்னாசியின் கை பழக்கத்தில் துண்டுக்குப் போனது. வாங்கிவிட்டான் என்றால் நாளைக்குச் சந்தில் தப்பு அவனுடையது என்று ஆகிவிடும். எந்தத் துரை சொல்லியும் அது மாறாது. வேலிக்கு வெளியே கன்று கத்தியது.

சன்னாசி துண்டை இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து, கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டான்.

“வேணாங்க கங்காணி,” என்றான். “பால் கறக்குற நேரமாச்சு.”

நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, அவன் அவரைத் தாண்டிப்போய் செவந்தியின் கயிற்றை அவிழ்த்தான். மழையில் நனைந்து முடிச்சு இறுகிப் போயிருந்தது. அவன் அவசரப்படவில்லை. அவிழ்த்த கயிற்றை இந்தத் தடவை யார் கையிலும் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு, ராக்காயியும் கன்றும் பின்னால் வர, சந்தின் நடுவே வீட்டுக்கு நடந்தான்.